அறுபத்திரண்டு டயரும் ஒரு துணிக் கிளிப்பும்

சுத்தியலால் டயரைத் தட்டிவிட்டு ரேலீன் பென்ஹால் காதைச் சாய்க்கிறார். 'டங்' என்று கேட்டால் அடுத்த டயருக்குப் போவார். 'தொப்' என்று கேட்டால் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். இன்றைக்குப் பதினேழாவது டயரின் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு தட்டு, மறுபடியும் காது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரட்டை டயருக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டு, மாட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பிடுங்கி எடுக்கிறார். எலுமிச்சம்பழ அளவு இருக்கிறது. "இது தெறிச்சிருந்தா பின்னால வர்ற கார்க்காரனுக்குக் கண்ணாடி போயிருக்கும், கண்ணு," என்று என்னிடம் நீட்டுகிறார். நான் அதை வாங்கி ஓரமாகப் போடுகிறேன்.

அந்தக் 'கண்ணு' எனக்கு மட்டுமே உரியது என்று முதல் வருஷம் நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். டீசல் பங்க்கில் இறைச்சிப் பஃப் விற்கிற பெண், எடை மேடை அதிகாரி, சாலையை மறித்து நிற்கிற மாடு, எல்லாருமே அவருக்குக் கண்ணுதான். வயது அறுபத்தொன்று. ஆம்பிளைச் சட்டை, அரைக்கால் சட்டை, கணுக்கால் வரை சிவப்பு மண். சட்டைப் பையில் கத்தியால் சீவிய பென்சில் ஒன்று. மூன்று டிரெய்லர்களைக் கோத்து இழுக்கிற ஐம்பத்து மூன்று மீட்டர் நீள வண்டியை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறார். கிளம்புவதற்கு முன்னால் அதை ஒரு சுற்றுப் பார்த்து வர எங்களுக்கெல்லாம் கால்மணி நேரம் ஆகும். அவருக்கு ஐம்பது நிமிஷம்.

நான் தெற்கே, கடலோரத்தில், போர்ட் அகஸ்டாவில் இருக்கிறேன். பதினோரு வருஷமாக இந்த வடக்குச் சாலைதான் எனக்குச் சோறு போடுகிறது. ரேலீன் வடக்கே, பாலைவனத்து நடுவில் இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்காரர். வாரத்தில் இரண்டு நாள், நடுவழியில் கூபர் பீடி ஊருக்கு வெளியே வண்டிகள் ஒதுங்குகிற திடலில், காலை ஒன்பது மணி சுமாருக்கு இரண்டு பேரும் சந்திப்போம். அவர் வடக்கேயிருந்து கொண்டுவந்த மூன்று டிரெய்லர்களையும் என் முன்வண்டியில் மாட்டிக்கொண்டு நான் தெற்கே திரும்பிவிடுவேன். நான் கொண்டுவந்த மூன்றும் அவரோடு வடக்கே போகும். நான் சாயங்காலமே வீடு சேர்ந்துவிடுவேன். அவர் வழியில் ஒரு தரம் படுத்து எழுந்து மறுநாள் போய்ச் சேருவார்.

ரேலீனின் சுற்று ஓட்டுநர் கதவில் தொடங்கி இடஞ்சுழியாகப் போகும். எங்கள் ஊர்க் கோயிலில் யாராவது இப்படிச் சுற்றினால் குருக்கள் தலையில் அடித்துக்கொள்வார். இன்ஜினை நிறுத்தி, ரேடியோவை அணைத்து, காற்றுக் குழாயில் எங்கேயாவது 'ஸ்ஸ்' என்று கசிகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார். பிரேக் விளக்கைப் பார்க்க இன்னொரு ஆளைக் கூப்பிட மாட்டார். துடைப்பக் கட்டை ஒன்றை அளவாக வெட்டி வைத்திருக்கிறார். அதைப் பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு, கடைசி வரை நடந்து போய்ப் பார்த்து வருவார். சக்கர நட்டு ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு ஒன்று மாட்டியிருக்கும். பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஹப். சக்கரத்தின் நடுவில் இருக்கிற அந்தக் குடத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மற்றதெல்லாம் வெதுவெதுவென்று இருக்கும்போது ஒன்று மட்டும் சுட்டால் உள்ளே பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

சுற்றும்போது பேசமாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரவும் மாட்டார். திரும்ப ஓட்டுநர் கதவுக்கே வந்து முதல் டயரிலிருந்து ஆரம்பிப்பார். எங்கள் கம்பெனியிலேயே வேறு தடத்தில் ஓட்டுகிற கர்னைல் சிங் என்று ஒரு வம்புக்காரன் உண்டு. ஒருநாள் ரேலீன் ஐம்பத்தெட்டாவது டயரில் நிற்கிறபோது வேண்டுமென்றே, "காலை வணக்கம், மகாராணி!" என்று கத்தினான். அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். முன்னால் நடந்து போய் ஒன்றிலிருந்து தொடங்கினார். அறுபதாவது டயரில் அவன் மறுபடி கத்தினான்.

"மூணாவது தரம் கத்திப் பாரு கண்ணு," என்றார் ரேலீன், சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டே. "இது எங்க விழும்னு எனக்கே தெரியாது."

"எதற்கு இத்தனை பாடு, எந்திரம்தானே, காட்ட வேண்டிய விளக்கெல்லாம் உள்ளேயே எரிகிறதே" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் பதில் எல்லாருக்கும் ஒன்றுதான். "நான் கை வெக்காத எடம் கடவுளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டிரெய்லரை மாற்றிக்கொள்கிறபோது, கொண்டுவந்தவன் "எல்லாம் சரியா இருக்கு" என்பான். எடுத்துப்போகிறவன் தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போய்விடுவான். அதற்குமேல் குனிந்து பார்த்தால் தொலைந்தது. 'என் வார்த்தைமேல் உனக்கு நம்பிக்கை இல்லையா?' என்று ஆகிவிடும். சண்டை கூடப் போடமாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஆள் அரவமில்லாத சாலையில் பேச்சு நின்றால் அது பெரிய தண்டனை. ரேலீன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய ஓட்டுநர் கொடுத்த டிரெய்லருக்கு அடியில் தவழ்ந்து பார்த்திருக்கிறார். அந்த மனிதர் ஒன்றரை வருஷம், வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் அவர் குரலுக்குப் பதிலே கொடுக்கவில்லையாம்.

"எனக்கும் ரோஷம் வந்துச்சு," என்பார் ரேலீன். "ஆனா அவன் மேல தப்பில்ல. மானம் போச்சுன்னு நெனச்சான். மானம் போகாம எப்படிப் பாக்கறதுன்னு நான் யோசிச்சிருக்கணும்."

யோசித்துக் கண்டுபிடித்ததுதான் துணிக் கிளிப். கொடியில் துணி காயப்போடுகிற சாதாரணக் கிளிப். டிரெய்லரை ஒப்படைக்கிறவர் அதில் எங்கேயாவது ஒரு கிளிப்பை மாட்டிவிட வேண்டும். எடுத்துப்போகிறவர் அதைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால்தான் கிளம்பலாம். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கலாம், காற்றுக் குழாயில் இருக்கலாம், சேறு தடுக்கிற ரப்பரில் இருக்கலாம். கைக்கு எட்டுகிற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இப்போது யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை பாருங்கள். கிளிப்பைத்தானே தேடுகிறோம்! தேடுகிற சாக்கில் அறுபத்திரண்டு டயரையும் தொட்டுவிட்டு வருகிறோம். அந்தப் பெரிய ஓட்டுநர்தான் முதல் ஆளாக விளையாட வந்தாராம். கர்னைல் ஒருநாள் எனக்கு டிரெய்லர் ஒப்படைத்தபோது கிளிப்பைத் தன் தாடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் என்னைச் சுற்றவிட்டான். அதற்குத் தண்டனையாக ரேலீனின் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளையெல்லாம் அவன்தான் சுரண்டினான்.

அவருடைய கேபினுக்குள் செருப்பு ஏறக்கூடாது. சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்க், அதில் பால்பவுடர் டீ. தினமும் ஆட்டிறைச்சித் துண்டு வைத்த ரொட்டிதான், மாற்றமே கிடையாது. ஈயை ஒரு கையால் விரட்டிக்கொண்டே பாதியை எனக்குக் கொடுப்பார். வேண்டாம் என்றால், "உன் உடம்புக்கு இல்ல, என் வண்டிக்கு," என்பார். பசித்த ஓட்டுநரையும் அவர் ஒரு பழுதாகத்தான் பார்ப்பார். கணவர் இறந்து பல வருஷமாகிறது. பிள்ளை இல்லை. இரண்டு தரம் உண்டாகி இரண்டு தரமும் தங்கவில்லை என்று ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டே சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த மாதம் மழை வருமா என்ற பேச்சுக்குப் போய்விட்டார்.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் போன மார்ச் மாதம் நான் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்குக் கூசுகிறது.

அன்றைக்கு விடிந்து வெகுநேரம் ஆகவில்லை, நான் கூபர் பீடியை நெருங்கிக்கொண்டிருக்கிறேன், நித்திலாவிடமிருந்து போன் வந்தது. என் மனைவி. நிறைமாதம், தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பனிக்குடம் உடைந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்குத் தாயார் இல்லை. கூடப்பிறந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம். அந்த ஊரில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள என்னைத் தவிர ஆள் கிடையாது. "சாயங்காலம் ஆகும்னு நர்ஸ் சொல்றாங்க," என்றாள். "நீ வந்துருவல்ல?" "வந்துருவேன்" என்றேன். ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர்.

திடலில் வண்டியை நிறுத்திவிட்டுப் புழுதி அடங்குவதற்குள் குதித்து ஓடினேன். ரேலீன் தன் மூன்றாவது டிரெய்லரின் கடைசியில் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார்.

"ரேலீன்! பனிக்குடம் ஒடஞ்சிருச்சு! ஆஸ்பத்திரில சேத்தாச்சு!"

அவர் சுத்தியலைக் கீழே போட்டார். ஓடிவந்து கிரீஸ் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷ அனுபவசாலி சின்னப் பெண்போலக் குதித்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். "மொதப் பிள்ள அவசரப்படாது கண்ணு. நீ போய்ச் சேந்துருவ. மொதல்ல இத முழுங்கு," என்று டீயையும் ரொட்டியையும் என் கையில் திணித்தார். எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. டிரெய்லர்களின் முட்டுக்கால்களை இறக்கினார், குழாய்களைக் கழற்றினார், மாட்டினார், பூட்டு விழுந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தார், முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார்க்கச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் மூன்றும் என் வண்டியில். நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப் போனேன்.

கதவுக்கு வெளியே ரேலீனின் கை நீண்டிருந்தது. "கிளிப்பு?"

சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இன்னைக்கு வேணாம் ரேலீன். நீங்க பாத்தாச்சுல்ல, போதும்."

"நான் பாத்தது நான் பாத்தது. ஓட்டப்போறது நீ."

"அவ அங்க தனியாக் கெடக்கா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். வெரசாத் தேடு, கால்மணில முடிஞ்சிரும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எனக்கு அன்றைக்கு அந்த மட்டும் இல்லை. "உங்களுக்குன்னு ஒண்ணு பொறந்து தங்கியிருந்தா இப்படிக் கையை நீட்டிக்கிட்டு நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

வாயைவிட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதிலேயே விழுந்தது. அவர் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை.

"கிளிப்பு, சேது," என்றார்.

எட்டு வருஷப் பழக்கத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். செய்த தப்பை ஒத்துக்கொள்ள வக்கில்லாதவனுக்குக் கோபம் இன்னும் கூடத்தான் செய்யும். முன்னாலிருந்து தொடங்க மனம் வரவில்லை. இந்தம்மா எனக்கு வேண்டுமென்றே கஷ்டம் கொடுக்கக் கடைசி மூலையில்தான் மாட்டியிருப்பார் என்று முடிவு கட்டி, நேரே மூன்றாவது டிரெய்லரின் வால் பக்கத்துக்குப் போனேன். மண்ணில் முட்டி போட்டு, இடது பக்கக் கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன்.

ஈரம். கையை எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் கறுப்பாக எண்ணெய். தீய்ந்த வாடை அடித்தது. ஹப்பில் கையை வைத்தேன், ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்துச் சக்கரம் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடக்க, இது மட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. "ரேலீன்," என்று கூப்பிட்டேன்.

வந்தார். கையை வைத்தார். எடுத்தார். ஜாக்கியைக் கொண்டுவந்து தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். பால் பல் ஆடுகிற மாதிரி ஆடியது. பேரிங் செத்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. அந்தப் பெட்டி நிறைய மறுசுழற்சிக்குப் போகிற அட்டையும் பிளாஸ்டிக்கும், கட்டுக்கட்டாக. கூபர் பீடியைத் தாண்டினால் இரண்டரை மணி நேரத்துக்குப் போனில் ஒரு கோடு சிக்னல் கிடையாது. சக்கரம் கழன்று எதிரே வருகிறவன்மேல் உருண்டிருக்கலாம். தீப்பிடித்திருக்கலாம். நான் வெளியே குதித்திருக்கலாம், குதிக்காமலும் போயிருக்கலாம். அவள் அங்கே கதவையே பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாள். இதெல்லாம் வரிசையாக மனதில் ஓடியது.

ரேலீன் அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஓடி வந்தப்ப நான் இங்கதான் நின்னேன்," என்றார். "இந்தச் சக்கரத்துக்கு முந்தின சக்கரத்துல. ஒண்ணுலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கணும். ஆரம்பிக்கல. சந்தோஷத்துல மறந்தே போயிட்டேன்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது என் குழந்தை பிறக்கப் போகிறதே என்ற சந்தோஷத்தில். அந்த மனுஷியிடம்தான் நான் அப்படிக் கேட்டிருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. எழுந்து பின்பக்கத்துப் புழுதியைத் தட்டிக்கொண்டார். "மூணாவதக் கழட்டு. ரெண்டோட போ," என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மேனேஜர் மர்ரேயின் குரல் கேட்டது. நல்ல மனிதர். யாரையும் கஷ்டப்படுத்தப் பிடிக்காது அவருக்கு.

"நிறுத்தறப்ப நல்லா இருந்துச்சு, அப்புறம்தான் சூடாச்சுன்னு எழுதிரு ரேலீன். யாரு கேக்கப் போறா?"

"நிறுத்தின பிறகு எப்படிய்யா சூடாகும்? நான் பாக்கல மர்ரே. பாக்காதத பாத்தேன்னு எப்படி எழுதறது?"

"எழுதினா உன்ன லைன்லேர்ந்து நிறுத்தணும். விதி அதுதான்."

"அந்த விதிய எழுதச் சொல்லி ரெண்டு வருஷம் உன் உயிர வாங்கினவளே நான்தான்," என்றார் ரேலீன். போனை வைத்துவிட்டுப் பழுதுப் புத்தகத்தைத் திறந்தார். பென்சிலைப் பையில் போட்டுவிட்டு என்னிடம் பேனா கேட்டார். 'மூன்றாவது டிரெய்லர், இடது, கடைசி ஹப். ஓட்டுநர் ரே. பென்ஹால் பார்க்கத் தவறியது. ஓட்டுநர் சேது கண்டுபிடித்தது' என்று அச்சடித்த மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிற்பாடு அவரை மூன்று வாரம் வண்டி தொடவிடவில்லை. நானும் கர்னைலும் மர்ரேயிடம் சண்டைக்குப் போனோம். "போங்கடா, வேலையப் பாத்துக்கிட்டு. சரியாத்தான் பண்ணியிருக்காங்க," என்று ரேலீன் எங்களைத்தான் திட்டினார்.

மூன்றாவதைக் கழற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறப்போனேன். மறுபடியும் அந்தக் கை.

"இப்பவுமா ரேலீன்?"

"இன்னும் ரெண்டு டிரெய்லர் பாக்கி இருக்குல்ல?"

போனேன். இந்தத் தடவை அவர் போகிற மாதிரியே போனேன், ஓட்டுநர் கதவிலிருந்து, இடஞ்சுழியாக, ஒவ்வொரு ஹப்பிலும் புறங்கையை வைத்து. இரண்டாவது டிரெய்லரின் காற்றுக் குழாய்ச் சுருளில் பச்சைக் கிளிப் மாட்டியிருந்தது. மிகச் சுலபமான இடம். கோபத்தில் பின்னாலிருந்து தொடங்காமல், ஒழுங்காக முன்னாலிருந்து தேடியிருந்தால் சீக்கிரமே கிடைத்திருக்கும், அந்த ஹப்பைப் பார்த்திருக்கவே மாட்டேன். இதைப் பிற்பாடு ரேலீனிடம் சொன்னபோது, "கெடைச்சதும் நிறுத்தச் சொல்லி யாரு சொன்னா?" என்று அதற்கும் திட்டினார்.

கிளிப்பை வாங்கிக்கொண்டு, "இப்பப் போ," என்றார். கண்ணு என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்காமலே கிளம்பினேன். வாய்க்கொழுப்பு இருக்கிற அளவுக்கு வாயில் தைரியம் இல்லாத ஜென்மம் நான்.

மணி பத்தரைக்கு மேலாகிவிட்டது. வேகத்தைக் கூட்டவில்லை. பாதி வழியில் அரைமணி நேரம் ஓய்வு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தேன். அந்த அரைமணியிலும் இறங்கி ஹப்புகளைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஐந்தரை வாக்கில் போர்ட் அகஸ்டா டிப்போவுக்குள் நுழைந்தால், கேட்டருகே கர்னைல் தன் காரை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறான். "ரேலீன் போன் பண்ணிட்டா. சாவியக் குடுத்துட்டு ஏறு. உன் வண்டிய நான் பாத்துக்கறேன்னு சொல்ல மாட்டேன், தொட்டே பாத்துக்கறேன்," என்றான். மூன்றே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். சிவப்பு விளக்கு எதிலும் நின்றானா என்று நான் கேட்கவில்லை.

நித்திலாவின் நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா," என்றாள். அவ்வளவுதான். என் கையைப் பிடித்தாள் பாருங்கள், எலும்பு நொறுங்குகிற பிடி. கையெல்லாம் கறுப்பு எண்ணெய் என்று நர்ஸ் முறைத்தாள், கழுவிவிட்டு வந்து திரும்பக் கொடுத்தேன். ஆறு மணி இருபது நிமிஷத்துக்குப் பெண் பிறந்தது. பிறந்த கையோடு ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். என் ஆயுசில் இனிமேல் எனக்கு எது கிடைக்காமல் போனாலும் சரி, அந்த அறையில் அந்த நேரத்தில் நான் இருந்தேன்.

ஏழு மணிக்கு ரேலீனுக்குப் போன் செய்தேன். அவர் ஆலிஸ் பக்கம் போகவே இல்லை. 'நான் விட்டதை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று, மெக்கானிக் வருகிறவரை அந்தத் திடலிலேயே வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மெக்கானிக் அப்போதுதான் வந்து போனானாம்.

"ரேலீன், பொண்ணு பொறந்திருக்கா."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நான் இருந்தேன் ரேலீன். கையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தேன்."

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "காலைல நான் உங்களப் பாத்து ஒண்ணு கேட்டேன்ல... அது..."

போனை எதன்மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. கேபின் படியில் கால் வைத்து ஏறுகிற சத்தம், சீட்டு முனகுகிற சத்தம். அடுத்த நொடி ஹாரன். காற்று ஹாரன், நீளமாக, விடாமல். அந்தத் திடலில் அவரைத் தவிர ஒரு குருவிகூட இருந்திருக்காது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நித்திலா படுத்தபடியே, "யாரு?" என்றாள். என் மகள் கத்துவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தாள்.

ஹாரன் அடங்கும்வரை காத்திருந்து, "ரேலீன், நான் கேட்டது தப்பு..." என்று மறுபடி தொடங்கினேன்.

அவர் மறுபடி அடித்தார்.